பாதி மின்னிய கார்

டயர் கடைக்கும் கண்ணாடி பிரேம் போடும் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கார் நுழைந்துவிட்டால், ஆள் நுழைய வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். அங்கே கார்களைத் தேய்த்து, துடைத்து, மெழுகு பூசிப் புதுசாக்கித் தந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் பஞ்சுக்குச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சிகளைச் சட்டைப்பையில் கொத்தாகச் செருகிக்கொண்டு, காருக்குள் ஏசி காற்று வரும் சந்துகளை ஒவ்வொன்றாகக் குடைவார். தன் காதை அவர் குடைந்து யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் நான் சொல்வது ஒன்றும் உள்ளே போவதில்லை என்பாள் அவர் மனைவி.

ஒரு காருக்கு ஒரு நாள். அதுதான் அவர் கணக்கு. சீட்டுகளைக் கழற்றி வெளியே வைப்பார். அடியில் கிடப்பதையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கிச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பார்: சில்லறை, தோட்டுத் திருகு, பேனா மூடி, யாரோ ஒரு பிள்ளையின் பால் பல். ஒரு வக்கீலின் காரில், அவர் தோற்றுப்போன வழக்குக்கு வேண்டியிருந்த காகிதமே கிடைத்தது. வக்கீல் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "எடுத்த எடத்துலயே வெச்சிடுப்பா" என்றாராம். இன்னொரு கறுப்புக் காரின் கதவில் தன்னைப் பார்த்த காக்கை, எதிரி என்று நினைத்து இரண்டு நாள் கொத்திச் சண்டை போட்டு, மூன்றாம் நாள் மனம் மாறி அதன் பக்கத்திலேயே குச்சி பொறுக்கிவைத்துக் குடித்தனம் தொடங்கியது. நான் பார்க்கவில்லை. பார்த்தவரைப் பார்த்திருக்கிறேன்.

"காரைக் கழுவித் தருவீங்களா?" என்று யாராவது கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "கழுவுறது பாத்திரத்தைங்க. இது டீட்டெயிலிங்" என்பார். விலை ஆயிரத்து ஐந்நூறு. மாதத்துக்குப் பதினைந்து, பதினாறு கார் வரும். மனைவி போனில் தேதி குறித்துக்கொள்வாள், துடைக்கும் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவாள், வருகிறவர்களிடம் வாயடித்து உட்காரவைப்பாள். பதினெட்டு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகுதான் எதிர்ச்சாரியில் நுரைக்காரர் வந்தார். மூடிக்கிடந்த பர்னிச்சர் கடையை இடித்துவிட்டு, குகை மாதிரி நீளமான மெஷின் ஒன்றை நிறுத்தினார். ஒரு முனையில் காரை விட்டால் போதும். கீழே நகரும் பட்டை அதைத் தானே இழுத்துப் போகும். ஊதா நிறத்தில் நுரை கொட்டும், ஆளுயரத் தூரிகைகள் சுழலும், சூறைக்காற்று அடிக்கும். பத்தாவது நிமிஷம் மறுமுனையில் கார் வெளியே. இருநூறுதான். காத்திருக்க ஏசி அறை, இலவசக் காபி. நுரையைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் அப்பன்மாரை நச்சரித்துச் சுத்தமான காரை அழுக்காக்கினார்கள். கார் இல்லாத ஒரு பெரியவர், "வண்டி பின்னால வருது" என்று சொல்லியே ஒரு மாதம் காபி குடித்தார் என்றும் கேள்வி.

முதல் வாரம் பஞ்சுக்குச்சி சிரித்தார். "அது மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்பி விடுறது. குளிக்கணும்னா இங்கதான் வரணும்." இரண்டாம் வாரம் ஒரே ஒரு கார் வந்தது. மூன்றாம் வாரம் ஈ ஓட்டினார் என்று எழுதலாம்தான். ஆனால் கொட்டகை இருந்த சுத்தத்துக்கு அங்கே ஓட்டுவதற்கு ஓர் ஈகூட இல்லை.

கொட்டகை டயர் கடைக்காரருக்குச் சொந்தம். கெட்ட மனுஷர் அல்லர். ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே. மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது. கடை ஓடும்னா சொல்லு, இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதித் தர்றேன். ஓடாதுன்னாலும் சொல்லிடு. எனக்கு டயர் அடுக்க எடமில்ல."

"ஓடும்ணே" என்றார் பஞ்சுக்குச்சி. சொல்லிவிட்டு, ஓடாத வாக்குவம் மெஷினைத் துடைத்தார்.

மாதக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அன்று மத்தியானமே மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். நாலு தொழில் தொடங்கி நாலையும் மூடியவன். ஆகவே யோசனைக்குக் குறைவில்லாதவன்.

"மாமா, எதிர்ல இருநூறா? நீங்க நூத்தம்பது போடுங்க. கூட்டம் பிச்சிக்கும்."

"நூத்தம்பதுக்கு மெழுகு டப்பாவோட மூடிகூட வராதுடா."

"மெழுகை யாரு கேட்டா? வெளியில தண்ணி, ஒரு துடை, டாட்டா. அரை மணி நேரம். வர்ற பத்துப் பேர்ல ரெண்டு பேராவது உங்க கைவேலையப் பார்த்து முழு வேலைக்கு வருவாங்க. அதான் பிசினஸ்."

"இவரா? தண்ணி ஊத்திட்டு அனுப்பிடுவாரா?" என்றாள் மனைவி.

"ஏன், எனக்குத் தெரியாதா?"

"கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் போட்டோவுக்கு நிக்கிறப்ப, கேமரா கண்ணாடியில தூசின்னு மேடையை விட்டு எறங்கிப் போன ஆளுதானே நீங்க? இருபத்தொரு வருஷமா நம்ம கல்யாண போட்டோவுல எங்க மாமா நிக்கிறாரு உங்க எடத்துல."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போர்டு எழுதினார்கள். அரை மணியில் பளிச், நூற்றைம்பது மட்டும். மனைவி சமையலறையிலிருந்து அலாரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதலில் வந்தவர் ஒரு பேங்க் ஊழியர். சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தார். தண்ணீர் ஊற்றியாயிற்று, சோப்பு போட்டாயிற்று, துடைத்தாயிற்று. இருபத்தெட்டாவது நிமிஷம் சாவியைக் கொடுக்கப் போன பஞ்சுக்குச்சியின் கண், ஜன்னல் கண்ணாடியின் ரப்பர் ஓரத்தில் பட்டது. அங்கே கறுப்பாக ஒரு கோடு. "ஒரு நிமிஷம்" என்று உட்கார்ந்தார். அலாரம் அடித்தது. மனைவி கத்தினாள். பேங்க்காரர் கெஞ்சினார். ரப்பரிலிருந்து கதவின் கீல், கீலிலிருந்து படி, படியிலிருந்து தரைவிரிப்பு என்று அழுக்கு அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று மணிக்கு வெளியே வந்த கார், தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிட நன்றாக இருந்தது. பேங்க்காரர் நூற்றைம்பதை வைத்துவிட்டு, "எனக்கு மெமோ வந்தா உங்க பேரைத்தான் எழுதுவேன்" என்று சொல்லிப் போனார்.

இரண்டாவது காருக்கும் அதுவே. மூன்றாவதற்கு வேகமாக முடிக்கிறேன் என்று சக்கரத்தைக் கழற்றினார்.

நாலாம் நாள் பல் டாக்டரம்மா வந்தார். பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் முழு வேலைக்கு வருகிறவர். அவரைப் பார்த்ததும் பஞ்சுக்குச்சிக்கு உயிர் வந்தது.

"வாங்க டாக்டரம்மா. சீட்டைக் கழட்டிடட்டுமா?"

"இல்லப்பா, இந்த நூத்தம்பது ரேட்டே போதும்."

"அது... அது சும்மா வெளியில மட்டும்மா."

"அப்படியா? என் கம்பவுண்டர் காரைப் பார்த்தேனே. உள்ள, வெளிய, டிக்கி, எல்லாம் மின்னுது. நூத்தம்பதுதான் குடுத்தேன்னு சொன்னான். அதே கை, அதே வேலை. எனக்கு மட்டும் எதுக்குப்பா ஆயிரத்து ஐந்நூறு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். மனைவிதான், "டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னா எல்லாரும் திறப்பாங்க, நீங்க திறந்தது போதும்" என்று அவரை இழுத்து உட்காரவைத்தாள். அன்று டாக்டரம்மாவின் காருக்கும் முழு நாள் ஆயிற்று. நூற்றைம்பது.

எதிரே நுரைக்காரர் விலையை நூற்றிருபதாக்கினார். மச்சினன் பேச்சைக் கேட்டு இவர் நூறாக்கினார். கூட்டம் உண்மையிலேயே பிய்த்துக்கொண்டது. கொட்டகை வாசலிலிருந்து மருந்துக் கடை வரை வரிசை நின்றது. வரிசையில் காத்திருந்த ஒரு மாப்பிள்ளைக்கு அங்கேயே பெண் பார்த்து முடித்தார்கள் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? நாளுக்கு ஒரு கார், மிஞ்சினால் இரண்டுதான் முடிந்தது. மற்றவர்கள் ஹார்ன் அடித்து, திட்டி, சாலையைக் கடந்து குகைக்குள் நுழைந்தார்கள். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு வந்தவர்களை வரிசையாக நிறுத்தி எதிர்க்கடைக்கு அனுப்பும் வேலையைப் பஞ்சுக்குச்சி இலவசமாகச் செய்தார்.

நுரைக்காரரே ஒருநாள் நன்றி சொல்வதுபோல நேரில் வந்தார். சின்ன வயசு, பணிவான ஆள்.

"அண்ணே, உங்க வேலைக்கு நான் விசிறி. எங்ககிட்ட கடைசி முனையில ஈரம் துடைக்க ஆள் வேணும். உங்களை மாதிரி ஒருத்தர் வந்தா..."

"எனக்குக் கடை இருக்கு தம்பி" என்றார் பஞ்சுக்குச்சி. நுரைக்காரர் போன பிறகு அரைமணி நேரம் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிய ஒன்பது நாள். மனைவி நூறு என்ற போர்டைக் கழற்றினாள். "விலையைக் குறைச்சு நம்மளால ஜெயிக்க முடியாதுங்க. வித்தியாசத்தைக் காட்டணும்" என்றாள். தம்பியின் காரை வரவழைத்தாள். பதினாலு வருஷப் பழசு. சிவப்பாகப் பிறந்து, வெயிலில் செங்கலாகி, பறவைகளின் புண்ணியத்தில் நிறம் சொல்ல முடியாததாகிவிட்ட கார். மூக்கிலிருந்து வால் வரை நடுவில் ஒட்டுத்தாள் ஒட்டினாள்.

"இந்தப் பக்கம் மட்டும் செய்யுங்க. அந்தப் பக்கம் தொட்டீங்கன்னா பாருங்க."

இரண்டு நாள் உழைத்தார். ஒட்டுத்தாளை எடுத்தபோது தெருவே நின்றுவிட்டது. ஒரு பாதி ஷோரூம், ஒரு பாதி குப்பைமேடு. பஸ்ஸிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். போன்களில் படம் எடுத்தார்கள். வலப்பக்கம் வந்தவர்கள் தலை வாரிக்கொண்டார்கள், இடப்பக்கம் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்று நாளில் பதினோரு பேர் போன் செய்தார்கள். சனிக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டுத் தேதி குறிக்கிறோம் என்றார்கள். டயர் கடைக்காரர்கூட, "அடுக்குறதுக்கு வேற எடம் பார்க்கணும் போலிருக்கே" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை மனைவி துணி துவைக்கும் பவுடர் வாங்கக் கடைவீதிக்குப் போனாள். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. வாசலில் கார் நின்றது. இரண்டு பக்கமும் மின்னியது.

பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"அந்தப் பக்கம் என்னையே பார்த்துட்டிருந்துச்சு. அஞ்சு நாளா. சாப்பிட முடியல. ஒரு கதவு மட்டும் செய்யலாம்னு நெனச்சேன்."

வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். "எங்கங்க அந்தப் பாதிக் கார்?" என்று கேட்டார் ஒருவர். இதுதான் என்றதும் சுற்றி வந்து பார்த்தார். "இது புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டி. படத்துல காட்டுனது வேற" என்றார். இன்னொருவர், "போன்ல படத்தை ஏமாத்திப் போடறதெல்லாம் இப்ப சகஜம்" என்று அவருக்கு விளக்கினார். பஞ்சுக்குச்சி படத்தைக் காட்டினார், நம்பரைக் காட்டினார், சத்தியம் செய்தார். பூசிய மெழுகு எவ்வளவு நன்றாக இருந்ததோ, அவ்வளவு பொய்யாகப் பட்டது அவர் சொன்னது.

மனைவி மரத்தடியிலிருந்து ஒரு வாளி சேறு கரைத்து எடுத்துவந்தாள். "இன்னும் ஆறு பேர் வரணும். இடப்பக்கம் ஊத்திடலாம், நகருங்க."

அவர் நகரவில்லை. கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார். அவள் வாளியைத் தூக்கினாள். தூக்கிய வாளியோடு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அதைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். மச்சினன்தான் சந்தோஷமாகச் சாவியைக் கேட்டான். பின்னே, அவன் கார் புதுசாகியிருந்தது.

யாரும் தேதி குறிக்கவில்லை. மாதக் கடைசி நாள், கடை ஓடாது என்று சொல்ல டயர் கடைக்காரரிடம் போனார். "கொஞ்சம் கண்ணை மூடிக்கத் தெரியணும் தம்பி" என்றார் அவர். "ஆமாண்ணே" என்று இவர் தலையாட்டினார். கடைசியாகக் கொட்டகைத் தரையைத் தேய்த்துக் கழுவி விட்டார். மறுநாள் அதன்மேல் டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

குகையின் கடைசி முனையில் அவருக்கு ஊதா நிறச் சட்டை கொடுத்தார்கள், ஒரு துணி கொடுத்தார்கள். ஒரு காருக்கு இரண்டு நிமிஷம். முதல் கார் நுரையும் காற்றும் தாண்டி வந்தது. பக்கக் கண்ணாடியிலிருந்து தொடங்கினார். பட்டை நகர்ந்தது, கார் நகர்ந்தது, அவரும் கூடவே நடந்தார். வாசல் தடுப்பு உயர்ந்தது.

"போதுங்க, நேரமாச்சு" என்றாள் காரிலிருந்த பெண்.

"இந்தக் கைப்பிடி மட்டும்மா."

கார் சாலையில் இறங்கியது. துணியோடு அவரும் இறங்கினார். சிக்னலில் சிவப்பு விழ, கார் நின்றது. குனிந்து துடைத்தார்.

"அண்ணே, அடுத்தது வந்துடுச்சு! அதுக்கடுத்ததும் வந்துடுச்சு!" என்று பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்தினான்.

பச்சை விழுந்தது. கைப்பிடிக் குழிக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது. கார் போகப் போக அது கதவின்மேல் கோடாக வழிவதை, நடுச்சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.