திருநீறு பூசிய எஞ்சின்

பெரம்பலூரில் டயாலிசிஸ் முடித்து அப்பாவை அழைத்து வரும்போதுதான் அந்த நாற்றம் வந்தது. அடுப்பில் எண்ணெய் தீய்கிற நாற்றம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்ததால் முதலில் அதன் மேல் பழியைப் போட்டேன். லாரி ஒதுங்கிப் போன பிறகும் நாற்றம் எங்களோடு வந்தது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால் ஒரே புகை. குனிந்து பார்த்தால் அடியில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

முன் சீட்டில் துண்டை வாயில் பொத்திச் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஆயில் ஒழுவுதா? வுடு பாப்பா. வண்டிக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு. இதோட நிறுத்திக்குவோம்."

எதை நிறுத்திக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் அந்த மெஷின் பக்கத்தில் படுத்துப் படுத்து அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. கொஞ்ச காலமாகவே சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏற உடம்பில் தெம்பில்லை. வாடகைக் காருக்குச் சம்மதிக்க மாட்டார். திரும்பும்போது வாந்தி வரும், அடுத்தவன் வண்டியை அசிங்கம் பண்ண மாட்டேன் என்பார். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்தபோது அவரே வாங்கிய இந்தப் பழைய காரில் மட்டும்தான் ஏறுவார். இது படுத்தால் அவரும் படுத்துவிடுவார்.

டிக்கியில் கிடந்த ஆயிலை ஊற்றிவிட்டு, அரியலூரில் வழக்கமாகப் போகிற ஷெட் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் நனைந்திருந்தது.

"ஆயில் வெளிய வராம புடிக்கிற கிராங்க் சீல் போயிடுச்சுக்கா. கியர்பாக்ஸ இறக்கணும். வண்டிய வுட்டுட்டுப் போங்க, நாலு நாளாவும்."

"மூணு நாள்ல அப்பாவுக்கு அடுத்த டயாலிசிஸ் இருக்கு."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? வேற வண்டி பாருங்க."

"நாலு நாள் என்ன, நாப்பது நாள் வச்சுக்கப்பா," என்றார் அப்பா காருக்குள் இருந்தபடியே. அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பெற்ற அப்பனை அறைய முடியாது. பானெட்டைத்தான் ஓங்கி அறைந்து சாத்தினேன். வண்டியை விடாமல் வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

கோபம் வந்தால்தான் எனக்கு மூளை ஓடும். போன வாரம்வரை வாசலில் ஒரு சொட்டுக்கூட விழாத வண்டி இப்போது மட்டும் ஏன் ஒழுகுகிறது? நடுவில் நடந்தது ஆயுத பூஜை ஒன்றுதான். பொட்டு வைக்க வேண்டுமே என்று வாட்டர் சர்வீஸில் விட்டு, எஞ்சினையும் விடாமல் அடித்துக் கழுவச் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் வண்டிக்குள் சிமெண்ட் தூசி படியாத இடமே கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கில் படிந்து, மழை ஈரம் பட்டு, பூச்சு வேலை செய்த மாதிரி இறுகிக் கிடக்கும். அதைத்தான் நான் பேர்த்து எறிந்திருக்கிறேன். அடைபட்டுக் கிடந்த ஓட்டை திறந்துகொண்டது. சாமிக்குச் செய்யப் போய் வினையானது.

சரி, ஓட்டை எங்கே? ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டுவது ஒரு பக்கம், ஓடு உடைந்திருப்பது வேறு பக்கம். அடியில் நனைந்திருப்பதை வைத்து மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை எஞ்சினைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து உலர்த்தினேன். காருக்குள் எப்போதும் கிடக்கும் குலதெய்வக் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை தூவினேன். எண்ணெய் எங்கே கசிந்தாலும் அங்கே கறுத்துவிடும். ஆனால் ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டும். வீட்டில் இருந்தது அப்பா மட்டும்தான்.

"முடியாது போ," என்றார் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு.

"நீ வராட்டி நான் ஆக்சிலேட்டர்ல கல்ல வைப்பேன். உன் எஞ்சின் வெடிச்சா என்னைக் கேக்காத."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். எஞ்சினைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்.

"அடிப்பாவி, சாமி திருநீற எஞ்சின்ல கொட்டி வச்சிருக்கியே!"

"நெத்தியில பூசுனா கேக்க மாட்டேங்குதுப்பா. ஏறி மிதி."

மிதித்தார். எஞ்சின் உறுமியது. டார்ச்சை அடித்தபடி குனிந்து நின்றேன். வெளுப்பு வெளுப்பாகவே இருந்தது. ஒருவேளை மெக்கானிக் சொன்னதுதான் சரியோ? பார்த்துக்கொண்டே இருக்கையில், எஞ்சின் உச்சியில் மூடியிருக்கும் கவரின் பின்பக்க மூலையில், திருநீற்றில் ஒரு கறுப்புக் கோடு முளைத்து மெல்லக் கீழே இறங்கியது. அது பின்பக்கமாகவே வழிந்து கியர்பாக்ஸ் மேல் போய் விழுந்தது.

"இங்கதாம்ப்பா! மேல இருந்து வருது!" என்று கத்தினேன். அப்பா மிதித்த காலை எடுக்கவில்லை. "நல்லாப் பாரு, நல்லாப் பாரு," என்று அவரும் கத்தினார்.

ஷெட்டுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னேன். மெக்கானிக் கவருக்கு அடியில் வைக்கிற புது பேக்கிங் பட்டையோடும் ஆயில் டப்பாவோடும் பைக்கில் வந்து, கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "டேப்பட் கவரு பேக்கிங்தான். கீழ பாத்தப்ப சீலு மாதிரியே இருந்துச்சுக்கா," என்றார். எஞ்சின் ஆறிய பிறகு கவரைக் கழற்றினார். பழைய பேக்கிங் அப்பளமாக நொறுங்கி வந்தது. புதியதை உட்கார வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ரொம்ப இறுக்காத, பிதுங்கிடும்," என்று அப்பா மெக்கானிக் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். மறுபடி திருநீறு தூவி வெகுநேரம் ஓடவிட்டோம். கறுக்கவில்லை.

ஆனாலும் டயாலிசிஸ் நாள் விடிந்தபோது எனக்குப் பயம்தான். சாக்கு போய்விட்டது. இனி வரமாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? வண்டியைக் கிளப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் கழித்து வந்தார். ஏறி உட்கார்ந்தார். அரியலூரைத் தாண்டினோம். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

"இப்ப ஊத்துன ஆயில எப்ப மாத்தணும்?"

"அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடணும்ப்பா."

விரலை மடக்கி முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். அடுத்த வாரத்தைத் தாண்டி அவர் பேசி நான் கேட்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன்.

"அப்ப சித்திரையில வரும்," என்றார் அப்பா. "வெயில் ஏறுறதுக்குள்ள காலையிலயே போயி மாத்திடணும். மறந்துடாத, நான் ஞாபகப்படுத்துறேன்."