நாயனக்காரரைக் கொன்றது யார்

கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்த ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் எங்கள் வேன் போய் நிற்கும். பம்பை, நாயனம், கீபோர்டு, பாட்டுக்கு நான். கீபோர்டுக்காரர்தான் குழுவுக்குத் தலைவர், வேனை ஓட்டுவதும் அவர்தான். பம்பை அடிப்பவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், நாயனம் வாசிப்பவரை அண்ணன் என்று. இரண்டு பேருமே எனக்குச் சொந்தமில்லை. ஒரே வேனில் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்தால் ஏதாவது ஒரு உறவுமுறை வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஜனங்கள் எங்களைக் கூப்பிட்டது அம்மன் பாட்டுக்கு. ஆனால் அவர்கள் காத்துக்கொண்டிருந்தது கொலைக்கு. பாதிக் கச்சேரியில் அண்ணன் வேண்டுமென்றே ஒரு அபஸ்வரம் ஊதுவார். மாமா பம்பையை அவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னிக்கி உன்ன கொல்லாம உடமாட்டேன்டா" என்று மைக்கில் கத்திக்கொண்டு துரத்துவார். மேடையை இரண்டு சுற்று சுற்றிக் கழுத்தை நெரித்ததும் அண்ணன் விழுந்து செத்துப்போவார். நான் ஓடிவந்து தலைவிரி கோலமாய் ஒப்பாரி வைப்பேன். தலைவர் போலீஸ் தொப்பியோடு வந்து, "கொன்னது யாரு?" என்று கூட்டத்தைக் கேட்பார். கூட்டம் மாமாவைக் காட்டும், மாமா என்னைக் காட்டுவார், நான் தர்மகர்த்தாவைக் காட்டுவேன். சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்துப் பிணம் எழுந்து உட்கார்ந்து நாயனத்தை எடுக்கும்.

கடைசி வருஷத்தில் இந்தக் கொலை நீண்டுகொண்டே போனது. மாமா புதுசு புதுசாய் எதையாவது சேர்த்துக்கொண்டே இருப்பார். துப்பு துலக்க நாய் வந்தது, சாட்சி சொல்ல ஆடு வந்தது, எல்லாம் மாமாதான். "பாட்டுக்கு நேரமே இல்ல மாமா" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "ஜனம் சிரிக்கிதில்ல, கம்முனு இரு" என்பார்.

அந்த ஆடியில் கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் திருவிழா. கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறியது. சாயங்கால வெளிச்சத்திலேயே கச்சேரி. அன்றைக்கும் அண்ணன் செத்தார், எழுந்தார், வாசித்தார். அன்றைக்கு அவர் வாசித்தது ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். எப்போதும்போல் வாசித்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஓடைக்கு முகம் கழுவப் போனவர் திரும்பவில்லை. நாவல்பழம் பொறுக்கப் போன ஒரு பெண்தான் ஓடிவந்து சொன்னாள். மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். தோளில் துண்டு. வாய் லேசாகத் திறந்திருந்தது. நாக்கும் உதடும் கருநீலம்.

"வெஷம்" என்று யாரோ சொன்னார்கள். அது போதும். எங்கள் பக்கம் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்ததற்கப்புறம், காரணம் தெரியாமல் ஒருத்தர் செத்தால் ஜீப் வேகமாய் வருகிறது. எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது எதாவது பாத்தீங்களா?" என்றார்.

ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "கொலையத்தான சார்? நாங்க எல்லாருமே பாத்தோம்."

"எல்லாருமா?"

"ஊரே பாத்துது சார். தோ, அந்த பம்பக்காரருதான். கொல்லாம உடமாட்டேன்னு மைக்லயே சொன்னாரு. கழுத்த புடிச்சி நெரிச்சாரு."

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"அப்புறம் இன்னா ஆச்சி?"

"அப்புறம் எந்திரிச்சி நாயனம் வாசிச்சாரு சார்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நான் குனிந்துகொண்டேன். அண்ணன் அங்கே துண்டு மூடிக் கிடக்கிறார்.

மாமாவைத் தனியாக நிற்க வைத்தார்கள். காலையில் அண்ணனோடு ஓடைக்குப் போனவரும் மாமாதான், முதலில் திரும்பி வந்தவரும் அவர்தான். "வாயத் தொற" என்றார் எஸ்.ஐ. மாமா நாக்கை நீட்டினார். கருநீலம். கூட்டம் 'ஆ' என்றது. "ரெண்டு பேரும் சேர்ந்து எத குடிச்சீங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தலைவர் தானாக நாக்கை நீட்டிக் காட்டினார். அதுவும் நீலம். என் நாக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் வந்து இறங்கியதிலிருந்து நாவல்பழம்தானே தின்றுகொண்டிருந்தோம். எஸ்.ஐ. பக்கத்திலிருந்த ஏட்டய்யாவிடம் திரும்பி, "என்னய்யா இது?" என்றார். "பழம் சார், வழியில ஒரு பை வாங்கனேன்" என்று ஏட்டய்யா சொன்னபோது அவர் நாக்கும் நீலமாக இருந்தது.

அப்போது கூட்டம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், நிறுத்த முடியவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா கையைக் கட்டிக்கொண்டு எஸ்.ஐ. முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சார் கொன்னேன்."

சிரிப்பு நின்றது.

"அவனுக்கு நெஞ்சு சரியில்ல சார். போன வருசமே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில நாயனத்த தொடாதன்னுட்டாங்க. நான்தான் கூட போயிருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு கையப் புடிச்சிக்கினான். கூப்புடாம உட்டுடுவாங்கன்னு பயம். மேடைல மூச்சு வாங்கும், எனக்கு மட்டும் தெரியும். அதான் அவன சாவடிச்சி படுக்க வெக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கினு இருக்கட்டும்னு. மல ஏறாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டிருப்பான். நான் சொல்லல சார். அவன் இல்லாம எனக்கு பம்ப அடிக்க வராது."

நாய் ஏன் வந்தது, ஆடு ஏன் வந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தலைவர் வேன் சக்கரத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். எஸ்.ஐ. "போய் தண்ணி குடிய்யா" என்றார்.

கள்ளக்குறிச்சியில் அறுத்துப் பார்த்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் அண்ணன் ஊருக்குக் கொண்டுபோனோம். பெண்கள் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார்கள். "பாட்டுக்காரிதான, நாலு வார்த்த சொல்லி அழேம்மா" என்றார்கள். வாயைத் திறந்தேன். எந்த வரியை எடுத்தாலும் மேடையில் சிரிக்கவைத்த வரியாகவே வந்தது. எனக்குத் தெரிந்த ஒப்பாரியையெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே பாடித் தீர்த்துவிட்டேன். மற்ற பெண்கள் பாடினார்கள், நான் சும்மா அவர் காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எடுக்கும் நேரத்தில் அண்ணி மாமாவிடம் வந்தாள். நெஞ்சு விஷயம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

மாமா தலையாட்டினார்.

"ஒரு வருசமா என் கையாலதான் சோறு சாப்டுட்டு போவ. ஒரு நாளு சொல்லத் தோணலியா உனக்கு? நான் கட்டிப் போட்டிருப்பேனே. வூட்ட உட்டு வெளியவே உட்டிருக்க மாட்டேனே."

"சொல்லாதன்னு..."

"அவருகிட்டதான் சத்தியம் பண்ண. என் தாலி இன்னாண்ணா பண்ணுச்சி உன்ன?"

போலீஸ் விட்ட மாமாவை அண்ணி விடவில்லை. அவள் சொன்னது நியாயம். மாமா செய்ததும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

குழு நடக்கிறது. நாயனத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார், நன்றாகவே வாசிக்கிறார். கொலையை நாங்கள் போடுவதில்லை. சில ஊர்களில் கேட்பார்கள். தலைவர் ஏதாவது சினிமாப் பாட்டைப் போட்டுச் சமாளிப்பார். மாமா அடிக்கிறார். ஆனால் முன்போல் மேடையில் நகர்வதில்லை, நின்ற இடத்திலேயே நின்று அடிக்கிறார்.

போன தையில் அண்ணன் மகளுக்குத் திருநாவலூரில் கல்யாணம். எனக்கும் தலைவருக்கும் அண்ணியே நேரில் வந்து பத்திரிகை வைத்தாள். மாமாவுக்கு வைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்குக் காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலைவர் வண்டியை எடுத்தார். மண்டபத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டி நின்றது. நாங்கள் இறங்கினோம், அவர் இறங்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, மணமேடையில் நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா வெளிய வேன்ல கீறாரு" என்றேன். அண்ணி எனக்குத் தலையில் பூ வைத்துவிட்டாள். "பந்திக்கு போம்மா, சோறு ஆறிடப்போவுது" என்றாள். வாசல் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சாதத்தை வாழையிலையில் மடித்து, பாயாசத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, வேனுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். மாமா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பிரிக்கவில்லை.

"பொண்ணு எப்படி கீறா?"

"நல்லா கீறா மாமா. அண்ணன் மூக்கு."

"ம்" என்றார். பிறகு இலையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.