சிஸ்டம் நார்மலுக்கு வந்த பதில்

என் மேசை இழுப்பறையில், உடைந்த ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில், ஒரு தீப்பெட்டிக்குள் பழைய சிம் கார்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அந்த எண் செத்து வெகுநாளாகிறது. ஆனாலும் பட்டன் போனில் போட்டால் அதில் தங்கிவிட்ட குறுஞ்செய்திகளை இன்றைக்கும் படிக்கலாம். ஃபயர் அலாரம் வேலை பார்க்கிறவள் எதையாவது தீப்பெட்டியில் வைப்பாளா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அளவு சரியாக இருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த சிம், கொல்லிமலையில் வாசலூர்பட்டிப் பக்கம் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் விடுதியின் அலாரம் பெட்டிக்குள் இருந்தது. சேலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நான் டெக்னீஷியன். கூரையில் புகை உணரும் கருவிகளைப் பொருத்தி, ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் சுவரில் உள்ள பெட்டியில் சேர்த்தோம். புகை வந்தால் பெட்டி மணியடிக்கும், அந்த சிம் வழியாகப் போன் போடும், செய்தி அனுப்பும். ஒன்றும் இல்லாத நாளிலும் காலை ஆறு மணிக்கு எங்கள் ஆபீசுக்கும் விடுதி வார்டனுக்கும் 'சிஸ்டம் நார்மல்' என்று ஒரு செய்தி போகும். அது வராவிட்டால் பெட்டியில் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

வார்டனக்கா அதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதிக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வேலை நடந்த பத்து நாளும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார். இதற்குக் கண் இருக்கிறதா, ஊதுபத்தி வைத்தால் கத்துமா, மேகம் உள்ளே வந்தால் என்ன செய்யும் என்று. கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடனே பிடித்துப்போகும். ஏணியில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்தக் காலைச் செய்தியை யார் அனுப்புவார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, பெட்டி எங்கள் பேச்சைக் கேட்காமல் போனது. தினமும் செய்தி அனுப்பியது, ஆனால் சேலத்திலிருந்து நாங்கள் குறுஞ்செய்தியாக அனுப்பிய கட்டளை எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இதே நேரத்தில் இரண்டு முறை பொய் அலாரம் வேறு. மலைப்பாதையின் எழுபது கொண்டையூசி வளைவும் ஏறிப்போய்ப் பெட்டியைத் திறந்து, சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுப் பார்த்தேன். சிம்மில் கொஞ்சம் செய்திகளுக்குத்தான் இடம். அந்த இடம் முழுக்க அடைந்து கிடந்தது. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து வந்தவை.

"நல்லதுங்க. நாங்களும் சௌக்கியம்." "இன்னைக்கு மேகம் கட்டிக் கெடக்குதுங்க. எதுத்தாப்புல ஆளு தெரியல." "ரெண்டு புள்ளைங்களுக்குக் காச்சல். கசாயம் குடுத்திருக்கேன்." "சாமை பொங்கலுங்க. நீங்க சாப்பிட்டாச்சுங்களா?" இப்படியே போய், கடைசியாக வந்து சேர்ந்தது இது: "இங்க குளிரு சாஸ்தி. நீங்களும் சன்னலச் சாத்திக்கிட்டுப் படுங்க."

அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோய், இன்னொரு முறை முதலிலிருந்து படித்தேன். பெட்டியோடு இப்படி ஒருவர் பேசியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, அது மெஷினுங்க. ஆளு இல்ல" என்றேன். அவர் முகம் ஒரு நிமிடம் செத்துப்போனது. "அப்ப இத்தன நாளும் செவுத்துக்கிட்டவா பேசிட்டு இருந்தேன்?" என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். "சேலத்துல யாரோ ஒருத்தரு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து அனுப்பறாங்கன்னு நெனச்சேனுங்க. எங்கூர்ல ஊடெல்லாம் ஆளுக்கொரு மேட்டுல. வெடிஞ்சதும் அந்த மேட்டுல இருந்து ஒரு குரல் குடுப்பாங்க. இந்த மேட்டுல இருந்து பதில் குரல் குடுத்துப்போடோணும். குரல் வரலீன்னா, செய்யற வேலைய அப்படியே போட்டுட்டு ஆளு போயிப் பாப்பாங்க. நல்லாருக்கேன்னு ஒருத்தர் சொல்லி அனுப்பறப்ப, சும்மா இருக்க முடியுங்களா அம்மணி?"

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஏனென்றால் எங்கள் பெட்டியும் அதையேதான் செய்கிறது. கூரையிலுள்ள ஒவ்வொரு கருவியையும் சில விநாடிக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஒவ்வொன்றும் 'இருக்கிறேன்' என்கிறது. ஒன்று வாய் திறக்காவிட்டால் உடனே மஞ்சள் விளக்கு. இதை அவரிடம் சொன்னதும் கூரையைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "கருவிய பொட்டி கேக்குது, சரிங்க. எங்கள யாருங்க கேக்கறது?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். "எனக்கு அனுப்புங்க, நான் கேக்கறேன்" என்று என் எண்ணைக் கொடுத்தேன். அந்தச் செய்திகளை அழிக்க மனம் வராமல், பெட்டிக்குப் புது சிம் போட்டுவிட்டுப் பழையதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் அவர் அறை மூலையில் கரி பிடித்த பானையைக் கவனித்தேன். குளிருக்கு விறகுத் தணல் வைத்திருக்கிறார், பொய் அலாரம் அதனால்தான். கொஞ்சம் கடிந்தே சொன்னேன்: "புகை வந்தா மணி அடிக்கத்தான் செய்யும். புகையில்லாம பாத்துக்கங்க." அவர் தலையாட்டினார்.

அதன்பின் தினமும் ஆறு மணிக்கு 'சிஸ்டம் நார்மல்' வரும். ஆறு ஐந்துக்குள் அவர் செய்தி வந்துவிடும். சிக்னல் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும் மாடிப்படியில் நின்று அனுப்புவார். நான் காபி போட்டுக்கொண்டே படிப்பேன். மிளகு காய்த்தது, பஸ் வளைவில் நின்றுபோனது, ஒரு பிள்ளை பரீட்சையில் முதலாவது வந்தது என்று அந்த மலையில் நடப்பதெல்லாம் என் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தது.

மார்கழியில் ஒருநாள் பதில் வரவில்லை. ஆறேகால், ஆறரை. பெட்டி மட்டும் நார்மல் என்று ஒழுங்காக அனுப்பியிருந்தது. போன் போட்டேன், முழுதாக அடித்து நின்றது. மறுபடியும் அப்படியே. ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கருவியே சொல்லும்போது நீ யார் என்பார்கள். அசந்து தூங்குகிறாராக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காபியை மேடையில் வைத்தேன். கடைசியில், விடுதிக்கு அரிசி பருப்புப் போடும் செம்மேட்டு மளிகைக்காரரைக் கூப்பிட்டேன். வேலை நடந்தபோது பழக்கமானவர், அவரும் மலைக்காரர்தான். "அண்ணா, வார்டனக்கா தினமும் அனுப்பற பதிலு இன்னைக்கு வரலீங்க" என்று இழுத்தேன். அசட்டுத்தனமாக எனக்கே பட்டது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"குரல் வரலீங்களா? இதோ போறேனுங்க."

அரைப் பரீட்சை லீவில் விடுதி காலியாகியிருந்தது. ஊரிலிருந்து ஆள் வராத மூன்று பிள்ளைகளை மட்டும் அக்கா தன் அறையிலேயே படுக்க வைத்திருந்தார். குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கனியவிட்டு, உள்ளே வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்து, காற்றுத் துளையில் சாக்கையும் திணித்திருந்தார். நன்றாகக் கனிந்த கரியில் புகை இல்லை. அதிலிருந்து வரும் விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் கிடையாது. தலைக்கு மேலே நான் பொருத்திய கருவி பெட்டியிடம் கடைசிவரை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மளிகைக்காரர் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்து, நான்கு பேரையும் ஒவ்வொருவராக வெளியே மேகத்துக்குள் இழுத்துப் போட்டார். கடைசிப் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்பதே தெரியவில்லையாம்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அக்கா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, குறை சொல்லும் குரலில் அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "பொகையில்லாமத்தானுங்களே வெச்சேன், அம்மணி? பொகைதான் ஆகாதுன்னீங்க?"

வெளியே வராந்தாவுக்கு வந்து அழுதேன். ஏணியில் நின்று அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவள், புகையில்லாத கரியும் கொல்லும் என்ற, அவர் கேட்கத் தெரியாத ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மறுநாள் போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப கண்ணுக்குத் தெரியாததுக்கும் கருவி இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது. அந்த மாதமே விடுதி அறைகளில் அதைப் பொருத்தினேன். ஏணியைப் பிடிக்க அவர் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது பெட்டியும் மாறிவிட்டது. காலை ஆறு மணிக்கு ஆப்பில் ஒரு பச்சைக் குறி விழுகிறது. அதை ஒரு பார்வை பார்த்துத் தள்ளிவிட்டு, வார்டனக்காவுக்கு என் செய்தியை அனுப்புவேன். குண்டனி நாட்டில் அவர் வீட்டில் சிக்னல் கிடையாது, மேட்டுக்கு ஏறி வரவேண்டும். பதில் ஏழுக்கு வரும், சில நாள் எட்டாகும். அதுவரை மனம் ஒரு நிலையில் இருக்காது. அவர் அண்ணன் மகனின் எண்ணையும், பக்கத்து மேட்டுக்காரர் எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்றும் மார்கழிதான். எட்டும் தாண்டியதால் தீப்பெட்டியை எடுத்து, அந்த சிம்மை பட்டன் போனில் போட்டுக் கடைசிச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கச் சொன்ன அதே செய்தி. பக்கத்தில் கிடந்த இன்னொரு போன் அப்போதுதான் ஒலித்தது.

"சௌக்கியமுங்க. குளிரு கொல்லுது. சன்னலத் தொறந்துதான் வெச்சிருக்கேன். நீங்க?"

சேலத்தில் அப்படியொன்றும் குளிர் இல்லை, எங்கள் வீட்டில் கரிச்சட்டியும் இல்லை. ஆனாலும் எழுந்துபோய் அடுப்படிச் சன்னலைத் திறந்துவிட்டு வந்துதான் பதில் எழுதினேன்.