எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

போன வருஷம் மே மாசம். திருப்பூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, நான் கென்யாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உடனே என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் படிக்கும் என் மகள், கோடை விடுமுறையில் அங்கே தொண்டு செய்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தனியாக அனுப்பப் பயந்து நானும் தொற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வேலம்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஆர்டர் கேன்சலாகிக் கிடந்த கிளிப்பச்சை டி-ஷர்ட்டுகளை ஒரு மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தேன். வினையே அதில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக ஆள் தேவைப்பட்டது. "நாப்பது டெய்லர மேய்க்கறவனுக்கு பதினாலு பசங்க ஒரு கணக்கா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"டெய்லருங்க ஓட மாட்டாங்கப்பா. இவங்க ஓடுவாங்க. பாத்துக்குங்க" என்றாள் மகள்.

தொலையாமல் இருக்க எல்லோருக்கும் கிளிப்பச்சையை மாட்டிவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? கரையில் விளையாடிய உள்ளூர்ப் பிள்ளைகள் ஆசையாகப் பார்த்ததும், எனக்குள் தூங்கிய வள்ளல் எழுந்துகொண்டார். மிச்சமிருந்த மூட்டையையும் வாரி வழங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பூங்காவே கிளிப்பச்சை! இப்படியொரு மடத்தனத்தை அசல் திருப்பூர்க்காரனைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

சாயங்காலம் வேனில் ஏற்றி எண்ணினேன். பதினாலு. திருப்தியாகக் கதவைச் சாத்தினேன்.

காப்பகத்து வாசலில் காத்திருந்த மகள், கடைசியாக இறங்கிய பையனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏனுங்கப்பா, இது யாருங்க?"

"நம்ம பையன்தான் கண்ணு."

"இல்லீங்க. நம்மவன் ஒருத்தனக் காணோம். நீங்க பசங்கள எண்ணுனீங்களா, பனியன எண்ணுனீங்களா?"

நான் எண்ணியது பனியனைத்தான். அந்தப் பையனோ நான் கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு நிம்மதியாக நின்றான். ஆங்கிலத்தில் கேட்டால், அவன் அம்மா கரையில் சோளம் சுட்டு விற்கிறாளாம். வேனில் போக ஆசையாக இருந்ததாம், ஏறிவிட்டானாம்!

ஒரு பிள்ளையைத் தொலைத்தாயிற்று, இன்னொன்றைக் கடத்தியாயிற்று. அதுவும் அந்நிய தேசத்தில். வந்த வழியே வேனைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் கல்யாண ஊர்வலம் போவதுபோல ஓட்டினார். அந்த ஊர் ஜெயிலில் சோறு போடுவார்களா, களியா என்ற யோசனை எனக்கு. இடையில் ஏரியின் ஆழம் வேறு நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே முடியில்லாத தலைக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

கரையில் அடுப்புக்கு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் சாய்ந்து, அவருடைய சால்வைக்குள் சுருண்டு, சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தான் எங்கள் பையன்.

பதற்றத்தில், "சாரி மேடம், ராங் பீஸ்!" என்று உளறினேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மகன் ஏறியதைப் பார்த்துக் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாராம், வேன் நிற்கவில்லையாம். அது காப்பகத்து வேன் என்று தெரியும், இந்தப் பையனும் இங்கே நிற்கிறான், எப்படியும் வருவீர்கள் என்று காத்திருந்தாராம். சொல்லிவிட்டு மகனின் காதைத் திருகினார். அடுத்த நொடியே அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

எங்கள் பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சால்வையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து அவரிடம் கொடுத்தான். வேனுக்கு நடக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

இந்தக் கதையைச் சொன்னால் கம்பெனியில் 'ராங் பீஸ்' வரைக்கும் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். எதற்கும் ஒரு நக்கல் கைவசம் வைத்திருக்கும் எனக்கு, அவன் கேட்ட அந்த ஒரு கேள்வியை அவர்களிடம் திருப்பிச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.