மருந்து போட்ட சட்டை

போன வாரம், கள்ளிக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரர் இனி வரப்போவதில்லை...

அவர் பெயர் துரை. பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் வீட்டுக்காரர். துணை ராணுவத்தில் வேலை, வடகிழக்குக் காட்டில் டியூட்டி. அங்கே புல்லில் நடந்தாலே உண்ணி ஏறுமாம். கடித்தால் விஷக்காய்ச்சல். அதனால் யூனிஃபார்மையே மருந்தில் தோய்த்துக் கொடுப்பார்கள்.

லீவில் வந்தபோது அப்படி ஒரு செட் கொண்டுவந்தார். சோப்பு போடக் கூடாது, வெயிலில் காயப்போடக் கூடாது, பிளாஸ்டிக் கவரில் கட்டித் தனியாக வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

“உண்ணி இன்னாய்யா, இந்த நாத்தத்துக்கு நானே கிட்ட வரமாட்டேன்!” என்று சிரித்தாள் கஸ்தூரி.

ஆனால் பயணம் கிளம்புகிறவர் சட்டைக்கு மஞ்சள் வைத்து, சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுப்பதுதானே அவள் வழக்கம்? நாற்றமடிக்கிற துணியைச் சாமி முன்னால் எப்படி வைப்பது? அவர் கிளம்புவதற்கு முதல் நாளே ஊறவைத்து, சோப்பு போட்டு அடித்துத் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்துவிட்டாள். நமக்கெல்லாம் சுத்தம் என்றால் சோப்பு வாசனைதானே!

துரை தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னாமே இது? மருந்தெல்லாம் பூட்ச்சே!”

“பூட்ச்சின்னா இன்னா? அம்மன் கீறா, பாத்துக்குவா.”

அவர் அந்தச் சட்டையையே மடித்துப் பெட்டியில் வைத்தார். விபூதி வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

பிறகு தகவல்தான் வந்தது. உண்ணிக் கடி... காய்ச்சல்... அவ்வளவுதான்.

“நாந்தான்க்கா கொன்னுட்டேன். இந்தக் கையாலதான தொவச்சேன்?” — அன்றிலிருந்து கஸ்தூரிக்கு இதே பேச்சு. சோறு இறங்கவில்லை. துவைக்கிற வாளியைத் தொடுவதே இல்லை. நான் என்ன ஆறுதல் சொல்ல?

பெட்டியைக் கொண்டுவந்தவர் செல்வம். துரையோடு ஒன்றாக வேலை பார்த்தவர். அவரிடமும் அவள் அதையேதான் கேட்டாள்: “நான் தொவச்ச சட்டையதான் போட்டுகினு இருந்தாராண்ணா?”

செல்வம் பெட்டியின் பூட்டையே பார்த்தார். “ஆமா தங்கச்சி. ஆனா வந்த அன்னிக்கே மறுபடியும் மருந்துல நனைச்சிட்டோம். நான்தான் நனைச்சேன். உண்ணி கடிச்சது கழுத்துல. சட்டை இன்னா பண்ணும்?”

“நெசமாவா?”

“அம்மன் மேல சத்தியமா!”

அன்றுதான் கஸ்தூரி வாய்விட்டு அழுதாள். சாயங்காலம் நான் பிசைந்து கொடுத்த சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

செல்வத்தை வழியனுப்ப வாசல் வரை போனேன். உண்மைதானா என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் செல்வம் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். ஒருவேளை அந்தச் சத்தியம் பொய்யாக இருந்தால்... தாயே, அதை நீ காதில் வாங்கிக்கொள்ளவே வேண்டாம்!