வலிக்காத கை

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த விரிப்பின் ஓரத்தால் காய் நறுக்கலாம் என்று கேலி. பதினாறு வருடமாக, விரிப்பை இழுத்துத் தேய்க்கும் அதே சூடான இஸ்திரி உருளை, அதே இடம்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். சூடு பட்டுக் கத்துகிறவள் வீட்டுக்குப் போகலாம். கத்தாதவள் வேலையைப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை உருளை விரிப்போடு அவள் வலது கையையும் இழுத்தது. விடுவிக்கப் போன பக்கத்து மெஷின்காரி, முழங்கையில் உருளையின் சூட்டுத் தகடு பட்டுக் கத்தி ஊரையே கூட்டினாள்.

"நீ கிளம்பும்மா" என்றார் மேற்பார்வையாளர். "மடிப்பக்கா, உங்களுக்கு?"

"எனக்கு வலிக்கவே இல்ல சார்."

"பாத்துக்கோங்க எல்லாரும். இதுதான் பழைய ஆளு!"

பழைய ஆள் உள்ளங்கையில் பற்பசையை அப்பி, துணியைச் சுற்றி, மாலை வரை இடது கையால் மடித்தாள்.

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். நோயாளிகளைப் பராமரிக்கப் படித்தவள் என்று அவளுடைய நாத்தனார் என்னைக் கூட்டிப்போனாள். துணியை நனைத்துப் பிரித்தேன். ஓரத்தில் சிவப்பு, அடுத்துக் கொப்புளம், நடுவில் மெழுகு மாதிரி வெளுப்பு. சிவப்பைத் தொட்டபோது முகம் சுளித்தாள். கொப்புளத்தைத் தொட்டதும் அலறினாள். வெளுத்த இடத்தில் ஊசி முனையை வைத்தேன்; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஆறிடுச்சு பெரியம்மா" என்றாள் என்னிடம்.

"ஆறலடி, செத்துடுச்சு. வலியைச் சொல்ற நரம்பே வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"நாளைக்கு ஷிஃப்ட் இருக்கே?"

"உன் ஷிஃப்ட்டுல இடி விழ!" என்றாள் நாத்தனார்.

சிவந்த தோல் ஒரு வாரத்தில் உரிந்து சரியாகும். கொப்புளத்தை உடைக்காமல் விட்டால் இரண்டு, மூன்று வாரம். ஆழமாக வெந்த இடம் தானாக மூடாது. அதன் வழியே உடம்பின் நீர் வடியும், கிருமி ஏறும். இவளுக்கு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சலை இறக்கி, செத்ததைச் சுரண்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தொடை எரிகிறது என்று அழுதாளே தவிர, கையைப் பற்றிப் பேச்சில்லை.

ஒட்டிய தோல் சுருங்கும். விரல்கள் மடங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டினார்கள். குளிக்கும்போது தவிரக் கழற்றாதே என்றேன். சலவைக்கூடத்திலிருந்து ஆள் வந்தது, ஒரு மாதத்துக்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாதென்று. மறுநாளே பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நாத்தனார் எனக்குச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன.

இன்னொரு அறுவை செய்தால் நிமிர்த்தலாம், மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர்.

"மூணு மாசமா? என் இடத்துல வேற ஒருத்தி நின்னுடுவா" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த மாதமே உருளையில் வேறொருத்தியை நிறுத்திவிட்டார்கள். மடிப்பக்காவைப் பின்வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுக்கு மூட்டை பிரிக்க மூன்று விரல் போதுமாம்.