ஆறு முருங்கைக்காய்களும் ஒரு பேட்டன்ட் மெஷினும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு கராஜில் ஆறு முருங்கைக்காய்கள் உயிரை விட்டன. அதில் மூன்று என் கையால். மற்ற மூன்றும் என் வருங்காலச் சம்பந்தியின் கையால்.

வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதுவதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. பேசுவதற்குத்தான்.

மகள் அபிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. பெயர் கார்த்திக். நல்ல பிள்ளை. அவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், இப்போது இருப்பது மெல்பேர்ணில், டார்னெய்ட் பக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது சிட்னியில், டூங்கபி பக்கம். பையனின் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. காலை விமானத்தில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பேச வேண்டியதைப் பேசி, மாலை விமானத்தில் திரும்புவார்கள்.

சாப்பாடு என் மனைவி வதனியின் பொறுப்பு. பேச்சு என் பொறுப்பு.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு வாயடிக்கிறவன்தானே என்று நினைக்கிறீர்களா? நேரில் நான் வேறு ஆள். இருபது வருடமாகப் பாண், அதாவது பிரெட், சுடும் ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே மெஷின்கள் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அருமையான வேலை.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஒண்டே ஒண்டுதான் சொல்ல வேணும்" என்றாள் வதனி. "கலியாணம் சிட்னியில. கோயமுத்தூரில இல்லை. அவ்வளவுதான்."

"நீர் சொல்லுமன்."

"நான் சொன்னால் சண்டைக்கு நிக்கிறன் எண்டு நினைப்பினம். பொம்பிளையின்ர தகப்பன் சொன்னால்தான் அது மரியாதை."

விஷயம் சின்னதில்லை. வதனியின் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. இங்கிருந்து இந்தியாவுக்கு விமானத்தில் மடங்கி உட்கார்ந்து போக அவரால் முடியாது. அக்கா இல்லாத கலியாணத்தை வதனி கலியாணம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். அபியும் தன் பங்குக்கு என் தோளில் கை போட்டு, "அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் ஸே இட்" என்றாள்.

ஒரு கிழமையாகக் காரில் தனியாகப் போகும்போது சொல்லிப் பழகினேன். ஸ்டியரிங்குக்கு விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டது. அது எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமையும் வந்தது. அவர்களும் வந்தார்கள்.

பையனின் அம்மா மல்லிகா உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் வதனியோடு குசினிக்குள் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்பு கேட்டது. பையனின் அப்பா சுந்தரம் என் முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மல்கிரேவில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. ஒல்லியான மனிதர். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலுக்கு நடுவில் வைத்திருந்தார்.

"பிளேன் எல்லாம் சுகமா இருந்ததோ?"

"நல்லா இருந்துச்சுங்க."

"மெல்பேர்ணில குளிரோ?"

"குளிருதுங்க."

முடிந்தது. ஒரு கிழமைப் பயிற்சி, இரண்டு கேள்விகளில் காலி. அவர் எங்கள் திரைச்சீலையைப் பார்த்தார். நான் அவருடைய சொக்ஸைப் பார்த்தேன். அபியும் கார்த்திக்கும் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வருவதாகச் சொல்லித் தப்பி ஓடிவிட்டார்கள்.

அப்போதுதான் குசினியில் இருந்து தெய்வவாக்கு வந்தது.

"இஞ்சருங்கோ, கராஜ் ஃப்ரிட்ஜில முருங்கைக்காய் கிடக்கு. எடுத்து வெட்டித் தாங்கோ."

நான் துள்ளி எழுந்தேன். அதைவிட வேகமாக சுந்தரம் எழுந்தார். "நானும் வர்றேனுங்க."

எங்கள் ஆட்கள் வீட்டு கராஜில் கார் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது ஃப்ரிட்ஜ் நிற்கும். மீன் பொரிக்கிற அடுப்பு நிற்கும். என்றைக்காவது தேவைப்படும் என்று எடுத்து வைத்த எல்லாமும் நிற்கும். அன்று அங்கே மேசை விளிம்பில் ஒரு இரும்புச் சாமானும் நின்றது.

அது இரண்டு கிழமைக்கு முன் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் வாங்கியது. ஏன் வாங்கினேன்? விற்ற கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன சாமான் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

மேசையில் இறுக்கிப் பிடிக்க அடியில் ஒரு திருகாணி. பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. நடுவில் மூன்று கத்தி வைத்த சக்கரம். மேலே பெருவிரல் நுழைகிற மாதிரிச் சாய்வாக ஒரு துவாரம். உடம்பில் பேட்டன்ட் என்ற சொல்லும் ஒரு நம்பரும் இரும்போடு இரும்பாக வார்க்கப்பட்டிருந்தன.

நான் ஃப்ரிட்ஜைத் திறந்து ஆறு முருங்கைக்காய்களையும் கையில் எடுத்தபோது சுந்தரம் அதைக் கண்டார். அந்த மனிதரின் முகத்தில் அன்று முதல்முறையாக விளக்கு எரிந்தது.

"ஏனுங்க... இது என்னதுங்க?"

"தெரியாது. தேங்காய் திருவுறதாக்கும்."

"தேங்காய் எப்படிங்க இந்த ஓட்டையில போகும்? இடியாப்பம் புழியறதுங்களா?"

"கத்தி கிடக்கே."

அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து துவாரத்துக்குள் பார்த்தார். "உள்ள என்ன போடறதுன்னு கண்டுபிடிச்சா, என்னதுன்னு கண்டுபிடிச்ச மாதிரிங்க. நீளமா இருக்கோணும். விரல் தண்டி இருக்கோணும்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் என் கையைப் பார்த்தோம்.

தமிழனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. நீளமாக, விரல் தடிப்பில், மேலிருந்து உள்ளே போகிற காய் உலகத்திலேயே ஒன்றுதான் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பேட்டன்ட் எடுத்த வெள்ளைக்காரன் முருங்கைக்காயைக் கண்ணால்கூடக் கண்டிருப்பானா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் காயை நான் நுழைத்தேன். அவர் சுற்றினார். கறக் கறக் என்று நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு முருங்கைக்காயின் நார் சக்கரத்தின் பின்பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டது. மறுபக்கத்தில் விழுந்தது துண்டுகள் இல்லை. கயிறு.

"நிப்பாட்டுவமோ?"

"ஒரு தடவை நடந்தா அது தற்செயல்ங்க" என்றார் சுந்தரம், வேலைக்காரக் குரலில். "மறுபடி மறுபடி நடந்தாத்தான் கோளாறுன்னு எழுத முடியும்."

இரண்டாவது, மூன்றாவது காய்கள் அந்தக் கொள்கைக்குப் பலியாயின. சிக்கியதைத் தள்ளுவதற்காக நாலாவதை உள்ளே விட்டோம். அதைத் தள்ள ஐந்தாவது. ஆறாவது எதற்கு என்று இப்போது யோசித்தாலும் பதில் இல்லை. தனியாக இருக்கிறதே என்ற இரக்கமாக இருக்கலாம்.

சக்கரம் அசைய மறுத்தது. வதனி மூன்று கடை ஏறி இறங்கி, வளைத்து முறுக்கிப் பார்த்துப் பொறுக்கிய காய்கள் அவை. வருகிறவர்கள் சைவம். அன்றைய சமையலில் ராஜாவே முருங்கைக்காய்க் கறிதான்.

சுந்தரம் ஃபோனை எடுத்து அந்த நம்பரை இணையத்தில் தேடினார். பழைய பேட்டன்ட் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் மெஷினே வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் பழைய படம். கைப்பிடிக்கு ஒரு எழுத்து, சக்கரத்துக்கு ஒரு எழுத்து, திருகாணிக்கு ஒரு எழுத்து. எந்த எழுத்துக்கும் நேரே முருங்கைக்காய் இல்லை.

"பீன்ஸ் வெட்டுறதுங்க" என்றார் மெல்லிய குரலில்.

குசினியில் காய் கேட்டுக் கூப்பிடுவதற்குள் நாரை எடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் குனிந்தோம். அவர் ஒரு கையால் நாரை இழுத்துக்கொண்டே மறுகையால் ஃபோனில் அடுத்தடுத்த படங்களைத் தள்ளினார். அந்தக் காலத்து மனிதர்கள் எதற்கெல்லாம் பேட்டன்ட் எடுத்திருக்கிறார்கள் தெரியுமா? கோப்பையில் மீசை நனையாமல் இருக்க ஒரு தடுப்பு. கன்னத்தில் குழி விழுத்த ஒரு துறப்பணம். எழும்பாதவனைக் கட்டிலோடு சரித்துக் கொட்டுகிற அலாரம் மணிக்கூடு. அப்புறம், தெருவில் தெரிந்தவரைக் கண்டால் கை படாமல் தானாகவே எழும்பி வணக்கம் சொல்கிற தொப்பி.

தொப்பியில் நான் நின்றுவிட்டேன். இந்த ஆளை எனக்குத் தெரியும். முகம் தெரியாது, ஆனால் ஆளைத் தெரியும். வணக்கம் சொல்ல எவ்வளவு கூச்சப்பட்டிருந்தால் ஒருவன் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் வாங்கப் போயிருப்பான்? கட்டில்காரன் மட்டும் என்ன? மகனை எழுப்பத் தொண்டை திறந்து கத்தியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு ஒரு மெஷின்... இவர்களை எல்லாம் மேதைகள் என்று நினைத்திருந்தேன். பாதிப் பேர் பேசத் தெரியாதவர்கள்.

அந்த ஒரு நினைப்பில் எனக்குத் துணிச்சல் வந்தது. சுந்தரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கலியாணம்... சிட்னியில வைச்சால் நல்லம் எண்டு... வீட்டில..."

நார் இழுபடுவது நின்றது.

"கோயமுத்தூர்லதான்னு நான் சொல்லோணுங்க" என்றார் அவரும் சக்கரத்திடமே. "ஒரு மாசமா வீட்ல ட்ரெய்னிங் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

வதனியின் அக்கா, அபியின் முகம், எல்லாம் அந்தச் சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இனி நான் என்ன சொல்ல? எனக்குக் கொடுத்தது ஒரு வசனம்தான். அதுவும் முடிந்துவிட்டது.

நல்லவேளை, அவர் கேட்டார். "சிட்னின்னா எத்தனை பேருங்க வருவாங்க?"

"இருநூறு."

"வாசல்ல நிக்கோணுங்களா?"

"கொஞ்ச நேரம். பிறகு கதிரையில இருக்கலாம்."

"கோயமுத்தூர்னா ஆயிரத்து ஐநூறு பேருங்க. மண்டப வாசல்ல காலைல இருந்து நிக்கோணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்க வாங்கன்னு சொல்லோணும். சாப்பிட்டுப் போறவங்களைத் திரும்பச் சாப்பிட்டீங்களான்னு கேக்கோணும். எங்க அண்ணன் பையன் கல்யாணத்துல பக்கத்துல நின்னதுக்கே எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு." ஒரு நார் கையோடு வந்தது. அதை உற்றுப் பார்த்தார். "சிட்னியே இருக்கட்டுங்க."

"வீட்டில என்ன சொல்லுவியள்?"

"அவங்களுக்கும் ஒரு மாசம் ட்ரெய்னிங் குடுக்கோணும்" என்றார். அவர் சிரிப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வதனி. பின்னால் மல்லிகா. மேசையில் பச்சை நார் ஒரு குவியல். எங்கள் இருவருக்கும் முழங்கை வரை முருங்கைச் சாறு.

வதனி விருந்தாளி முன்னால் கத்தமாட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். "ஆறும் போயிட்டுதோ?"

"ஓம்."

"என்னதுங்க இது, பழைய துடைப்பத்தைப் பிரிச்சுப் போட்ட மாதிரி" என்றார் மல்லிகா கணவரிடம். "ஒரு மணி நேரமா ரெண்டு பேரும் இதைத்தான் பண்ணினீங்களா?"

சுந்தரம் நிமிர்ந்தார். நார் ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்லீங்க. பேசினோம். கல்யாணம் சிட்னிலன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்."

மல்லிகா தன் கணவரை, விமானத்தில் பக்கத்து இருக்கையில் வேறு யாரோ மாறி ஏறி வந்துவிட்ட மாதிரிப் பார்த்தார்.

"நீங்களா பேசினீங்க? நீங்களே வாயத் திறந்தா?"

"ஆமாங்க."

மறுத்துச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வதனியின் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷத்துல இவரு ஒரு விஷயத்தை அவரா பேசி முடிச்சு நான் பார்த்ததில்லைங்க. அதுக்காகவே ஒத்துக்கலாம். ஊர்ல அப்புறமா ஒரு விருந்து வச்சுக்கறோம்."

வதனி முருங்கைக்காயை மன்னித்தாள். நாரை அவித்து வடித்து மல்லிகா ரசம் வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. அபி இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு, மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நசித்தாள்.

ஒரு வேலையை முடித்துக் காட்டினால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? பெண்கள் இருவரும் ஃபோனில் கலந்து பேசி, இவ்வளவு நாளும் எங்களைத் தப்பாக நினைத்துவிட்டதாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கலியாண மேடையில் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். மைக்கில்.

செய்தியைச் சுந்தரத்துக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"கோயமுத்தூர் மண்டபம் இன்னும் காலியாத்தான் இருக்காம். விசாரிச்சுட்டேனுங்க."